கருவூலத்தைத் தொடாத மானியம்

நேயர்களுக்கு வணக்கம்.

வேளாண் மானியம் என்றால், அரசு தன் கருவூலத்திலிருந்து எடுத்து விவசாயிக்குக் கொடுக்கும் பணம் என்றே பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். ஆனால் பல நாடுகளில் விவசாயிக்குப் போய்ச் சேரும் ஆதரவில் பெரும்பங்கு கருவூலத்தைத் தொடாமலேயே கைமாறுகிறது. இறக்குமதிக்கு வரி விதித்தோ, விளைச்சலின் அளவுக்கு வரம்பு கட்டியோ, ஒரு விலைக்குக் கீழே சந்தை இறங்காதபடி தானே கொள்முதல் செய்தோ அரசு உள்நாட்டு விலையைத் தூக்கி நிறுத்திவிட்டால் போதும். மிச்சத்தை நுகர்வோர் ஒவ்வொரு முறை பொருள் வாங்கும்போதும் தாமே செலுத்திவிடுவார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், ‘சந்தை விலை ஆதரவு’ என்று இதற்கு ஒரு தனித் தலைப்பே இருக்கிறது. இந்தச் சுமை எப்படி விலைக்குள் குடியேறுகிறது, குடியேறிய பின் அதை வெளியேற்றுவது ஏன் அவ்வளவு கடினமாகிறது என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

நுகர்வோர்மீது சுமை ஏறுவது தவிர்க்க முடியாத விதி அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், 1947ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தின் வழியே தன் விவசாயிகளுக்கு உறுதியான விலையை அளித்தது. பின்னர் 1950களில் அங்கே நிலைபெற்ற முறைப்படி வெளிநாட்டுத் தானியம் தாராளமாக வந்தது. மக்கள் ஏறத்தாழ உலகச் சந்தையின் விலையிலேயே வாங்கினார்கள். சந்தையில் கிடைத்த விலைக்கும் அரசு உறுதியளித்த விலைக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் கருவூலம் விவசாயிக்கு ஈடுசெய்தது. செலவு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வெளிப்படையாக நின்றது. 1973இல் பிரிட்டன், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது இந்த ஏற்பாடு படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஐரோப்பாவின் பொது வேளாண் கொள்கை 1962 முதலே வேறு வழியில் நடந்துவந்தது: உள்நாட்டு விலையை முதலில் நிர்ணயித்துவிட்டு, உலக விலை எவ்வளவு இறங்கினாலும் இறக்குமதிப் பொருள் அந்த நிலைக்குக் கீழே வராதபடி, ஏறி இறங்கும் தீர்வை ஒன்றை எல்லையில் வசூலிப்பது. விவசாயிக்கு உதவ வேண்டும் என்ற நோக்கம் இரண்டிலும் ஒன்றுதான். பணம் யாருடைய பையிலிருந்து வந்தது என்பதுதான் மாறியது.

அமெரிக்காவில் இதே கேள்வி 1949இல் நேருக்கு நேராக எழுந்தது. அன்றைய வேளாண் துறைச் செயலர் சார்ல்ஸ் பிரானன், எளிதில் அழுகிக் கெடும் விளைபொருள்களின் விலையைச் சந்தையின் போக்கில் இறங்க விட்டு, விவசாயியின் வருமான இழப்பை அரசே நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தார். நுகர்வோருக்கு மலிவு, விவசாயிக்கு வருமானம் என்ற இந்தத் திட்டம் நாடாளுமன்றத்தில் தோற்றது. பெரிய விவசாய அமைப்புகளே அதை எதிர்த்தன. காசோலையாக வரும் உதவி கண்ணுக்குத் தெரியும்; கண்ணுக்குத் தெரிவதை அடுத்த ஆண்டு யாராவது வெட்டிவிடலாம்; விலைக்குள் ஒளிந்து வருவதையோ ‘நியாயமான விலை’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த எதிர்ப்பின் அடியில் இருந்த தர்க்கம் இதுதான் என்பது என் கருத்து. விவசாயிகளை இதற்காகக் குறை சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.

அமெரிக்கச் சர்க்கரைக் கொள்கையில் இந்தத் தர்க்கம் சட்டத்தின் வாசகமாகவே மாறியிருக்கிறது. அரசுக்குச் செலவே இல்லாமல் இத்திட்டம் நடத்தப்பட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் கூறியது. படிக்கும்போது சிக்கனம்போலத் தோன்றும். செயலில் அதன் பொருள், இறக்குமதியை இறுக்கிப் பிடித்து உள்நாட்டு விலையை உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. அமெரிக்காவில் சர்க்கரை விலை பல ஆண்டுகள் உலக விலையைப்போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்திருக்கிறது. குளிர்பான நிறுவனங்கள் 1980களில் சர்க்கரையை விட்டு மக்காச்சோளப் பாகுக்கு மாறியதற்கு இந்த விலை ஒரு முக்கியக் காரணம். அரசுக்குச் செலவில்லாத திட்டம் ஒருவருக்கும் செலவில்லாத திட்டம் ஆகிவிடாது.

இங்கே ஒரு சமூகநீதிக் கேள்வியும் இருக்கிறது. வருமானம் உயர உயரக் குடும்பச் செலவில் உணவின் பங்கு குறைகிறது என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே வருமான வரியில் திரட்டியிருந்தால் வசதியுள்ளவர் அதிகம் கொடுத்திருக்கக்கூடிய பணத்தை, உணவின் விலையில் திரட்டும்போது ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் பெரிய விகிதமாகக் கொடுக்கிறது. மறுமுனையில், அதிகம் விற்பவருக்கே விலை ஆதரவால் அதிக லாபம் என்பதால், பெரிய பண்ணைகளே அதில் பெரும்பகுதியைப் பெறுகின்றன.

சரி, அந்தப் பணம் விவசாயியிடமாவது நிற்கிறதா? இதற்கான விடையில்தான் காலம் தன் வேலையைச் செய்கிறது. பிரிட்டனில் ஒரு குவார்ட்டர் (அன்றைய தானிய அளவை) கோதுமையின் விலை 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமைக்குச் சந்தையை மூடிய தானியச் சட்டம் 1815இல் வந்தது. தானிய விலை உயர்ந்தால் நிலத்தின் வாடகையும் உயரும், லாபம் உழுபவனைத் தாண்டி நிலவுடைமையாளனிடமே போய்ச் சேரும் என்று பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ அதே ஆண்டில் வாதிட்டார். 1846இல் பிரதமர் ராபர்ட் பீல் அச்சட்டத்தை நீக்க முன்வந்தபோது அவருடைய கட்சியே இரண்டாகப் பிளந்தது. ரிக்கார்டோ சொன்னது நிலத்தைப் பற்றி. இன்று அது உற்பத்தி உரிமத்துக்கும் பொருந்துகிறது. கனடாவில் பால் விற்பதற்கு ஒதுக்கீட்டு உரிமம் வேண்டும். விலையை உயர்த்தி வைக்கும் அந்த உரிமத்துக்கே ஒரு விலை உண்டாகி, இப்போது ஒரு பசுவின் பாலுக்கான உரிமம் 20,000 கனடிய டாலருக்கும் மேலே போய்விட்டது. பசுவைவிட அதன் பாலை விற்கும் அனுமதிக்கு விலை பல மடங்கு அதிகம். முதல் தலைமுறை விவசாயி அந்த ஆதாயத்தைப் பெற்று, உரிமத்தை விற்றுவிட்டு ஓய்வு பெறுகிறார். அடுத்து வருபவர் கடன் வாங்கி அதை வாங்குகிறார். நுகர்வோர் கொடுக்கும் கூடுதல் விலை அவருக்கு வருமானமாக இல்லாமல் வட்டியாகக் கரைகிறது. கோர்டன் டல்லக் என்ற பொருளியலாளர் 1975இல் இதை ஒரு பொறி என்றே வருணித்தார்: சலுகையால் இப்போது எவருக்கும் தனிப்பெரும் லாபம் இல்லை, ஆனால் அதை எடுத்துவிட்டாலோ இப்போது உள்ளே இருப்பவர் நொடித்துப்போவார்.

அதனால்தான் இந்தப் பொறியிலிருந்து வெளியேறும் செலவும் நுகர்வோரிடமே வந்து நிற்கிறது. ஆஸ்திரேலியா 2000ஆம் ஆண்டில் பால் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, பண்ணையாளர்களுக்கான இழப்பீட்டுக்காகக் கடைகளில் விற்கும் ஒவ்வொரு லிட்டர் பாலின்மீதும் 11 சென்ட் தீர்வை விதித்தது. 2009 வரை அது வசூலிக்கப்பட்டது. கட்டுப்பாடு இருந்த காலத்தில் உயர்ந்த விலையைக் கொடுத்தவர்கள், அது போன பிறகு அதை வழியனுப்பும் செலவையும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1930களில் தொடங்கிய புகையிலை ஒதுக்கீடு 2004இல் முடிவுக்கு வந்தபோதும், உரிமம் வைத்திருந்தவர்களுக்கும் பயிரிட்டவர்களுக்குமான ஏறத்தாழ 1,000 கோடி டாலர் புகையிலைப் பொருள் உற்பத்தியாளர்களிடமிருந்து திரட்டப்பட்டது. நிறுவனங்கள் அதைத் தங்கள் லாபத்திலிருந்து மட்டுமே கொடுத்திருக்கும் என்று எண்ண இடமில்லை.

நியூசிலாந்து 1984 முதல் சலுகைகளை வெகுவேகமாக அகற்றியது. அங்கே நிலத்தின் விலை சரிந்தது. உச்ச விலையில் கடன்பட்டு நிலம் வாங்கியவர்களே அதிகம் அடிபட்டார்கள். ஐரோப்பா 1984இல் கொண்டுவந்த பால் ஒதுக்கீட்டை வேறு விதமாகக் கையாண்டது. 2015இல் அது முடிந்துவிடும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்து, 2009 முதல் ஒதுக்கீட்டின் அளவை ஆண்டுக்கு ஒரு சதவீதமாகக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். முடிவு தேதி தெரிந்த உரிமத்துக்கு யாரும் பெரிய விலை கொடுக்கமாட்டார்கள் அல்லவா? பிரிட்டனில் அந்த உரிமத்தின் சந்தை விலை, கடைசித் தேதி வருவதற்கு வெகு முன்பே ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போயிருந்தது. 2015 மார்ச் 31 அன்று ஒதுக்கீடு முடிந்தபோது, இழப்பீடு கேட்கும் அளவுக்கு மதிப்புள்ள உரிமம் அங்கே எவரிடமும் மிஞ்சியிருக்கவில்லை.

வணக்கம்.