சூளைக்குப் போகாத தரை

[காட்சி: மரத்தூண் வச்ச முற்றம், தரையில் காலை வெயில். குரல் மட்டும்.]

செட்டிநாட்டு வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு நுழைஞ்சா, தரை முதல்ல உள்ளங்காலுக்குத்தான் தெரியும். ஜில்லுன்னு இருக்கும். அப்புறம்தான் குனிஞ்சு பார்ப்போம். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமா கண்ணுக்கு எட்டின தூரம் பூ.

இது ஆத்தங்குடி கல், சிமெண்ட்ல செய்யற தரை டைல். சிவகங்கை மாவட்டத்துல, காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில கையால செய்யறது. இப்போ சென்னை, பெங்களூரு ஃப்ளாட்டுக்கெல்லாம் லாரி ஏறிப் போகுது. கூடவே "ஈகோ ஃப்ரெண்ட்லி"னு ஒரு ஸ்டிக்கரும் போகுது. அந்த ஸ்டிக்கர் எவ்வளவு உண்மை? விக்கிறவர்கிட்ட கேட்க வேண்டாம். பட்டறைக்குப் போய்ப் பார்ப்போம்.

[காட்சி: பட்டறை. சதுரக் கண்ணாடி, பக்கத்துல வண்ணக் கிண்ணங்கள்.]

முதல்ல ஒரு கண்ணாடி. நம்ம ஜன்னல்ல இருக்கிற மாதிரி சாதாரணக் கண்ணாடிதான். துடைச்சு வச்சு, அது மேல சதுரமா ஒரு சட்டம். சட்டத்துக்குள்ள கைப்பிடி போட்ட அச்சு. இதழுக்கு ஒரு அறை, கொடிக்கு ஒரு அறைன்னு பிரிச்சிருக்கும். சிமெண்ட்ல நிறத்துக்கான ஆக்ஸைடு பொடி கலந்து தோசைமாவு மாதிரிக் கரைச்சு, கரண்டியால அறை அறையா ஊத்தறாங்க. அச்சைத் தூக்கினா பூ அப்படியே நிக்கும். கை பழகினவங்க அச்சே இல்லாம, வண்ணத்தைச் சுழிச்சு விட்டே பூ போடுவாங்க. அதை ஸ்லோ மோஷன்ல காட்டலைன்னா இந்த வீடியோவே வேஸ்ட்.

[காட்சி: ஸ்லோ மோஷன். பேச்சு இல்லை.]

அடுத்த வேலையிலதான் சூட்சுமம். காய்ஞ்ச சிமெண்டும் மணலும் கலந்த பொடியை மேல தூவறாங்க. வண்ணத்துல இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிடும், ஒரு நிறம் இன்னொண்ணுல ஓடிக் கலக்காது. அதுக்கு மேல ஈரச் சாந்து, கரணையால அழுத்தி மட்டம் தட்டறது. சட்டத்தைக் கழட்டி ஆறவிட்டு, அப்புறம் சில நாள் தொட்டித் தண்ணியில. கடைசியா கண்ணாடியைப் பிரிச்சா, இவ்வளவு நேரம் கீழ இருந்த பக்கம்தான் கல்லோட முகம். செஞ்சவருக்கே அப்போதான் தெரியும், பூ எப்படி விழுந்திருக்குன்னு. அந்தப் பளபளப்புக்கு எந்த மெருகும் பூசலை. கண்ணாடியோட வழவழப்பை சிமெண்ட் அப்படியே வாங்கிக்கிட்டது.

தண்ணியில எதுக்குப் போடறாங்க? சிமெண்ட் காய்ஞ்சு இறுகற பொருள் இல்லை. தண்ணியைக் குடிச்சு இறுகற பொருள். அதனால இதுக்குச் சூளையே தேவையில்லை. கடையில கிடைக்கிற விட்ரிஃபைடு டைல் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ்ல வேகணும். இங்க ஒரு அடுப்புகூட எரியலை.

இதோட வீடியோவை முடிச்சா அது விளம்பரம். அடுப்பு இருக்கு, சிமெண்ட் ஆலையில. அரைச்சா சிமெண்டாகிற கட்டிக்குப் பேர் கிளிங்கர், அது வேக 1,450 டிகிரி வேணும். அந்தச் சூட்டுல சுண்ணாம்புக்கல்லே கரியமில வாயுவைக் கக்கும். உலகத்துல மனுஷங்க வெளியேத்தற கரியமில வாயுவுல ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்ட் கணக்குல வருது. அது போக மணல். நம்ம ஊர்ல மணல் எப்படி வருதுன்னு நான் சொல்லித் தெரியணுமா?

"ஆயிரம் வருஷப் பாரம்பரியம்"னு தலைப்பு வைக்கிறவங்களுக்கும் ஒரு தகவல். இன்னைக்கு நாம சிமெண்ட்னு சொல்ற போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினதே 1824-ல, இங்கிலாந்துல. பர்மா, மலேயா, இலங்கைன்னு வியாபாரத்துக்குப் போன செட்டிநாட்டு நகரத்தார் பர்மா தேக்கும் வெளிநாட்டுப் பளிங்கும் கொண்டுவந்து வீடு கட்டின காலத்தோட சேர்ந்து வளர்ந்த கைவேலை இது. இந்தப் பக்கத்து வெயிலுக்குக் கச்சிதமா அமைஞ்சுபோச்சு.

அப்புறம் ஏன் இதை வாங்கச் சொல்றேன்? ஆயுசுக்காக. தாத்தா காலத்துல போட்ட தரையில பேரன் பிள்ளை தவழற வீடுகள் அங்க இன்னும் இருக்கு. நடமாட்டம் இருக்கிற தரை மெருகேறும், பூட்டிக் கிடக்கிற வீட்லதான் மங்கிப் போகும். டிசைன் பழசாயிடுச்சுன்னு பத்து வருஷத்துல உடைச்சுக் கொட்டற தரையோட இதை வச்சுப் பாருங்க.

[காட்சி: கொத்தனார் கல் பதிக்கிறார்.]

வாங்கறவங்க கவனிக்க வேண்டியது: கல் கனமானது, முக்கால் அங்குலத்துக்குக் குறையாத தடிமன் இருக்கும். பழைய தரை மேலயே பதிச்சா கதவு இடிக்கும், முதல்லயே அளந்துக்கோங்க. இதைப் பதிச்சுப் பழகின கொத்தனார்தான் வேணும். பெயிண்ட் வேலை முடிஞ்ச பிறகு பதிங்க. கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் மாறும், கை வேலைன்னா அப்படித்தான். பிடிக்கலைன்னா இது உங்களுக்கு வேண்டாம். உடைஞ்சா மாத்த அதே பேட்ச்ல பத்துக் கல் கூடுதலா வாங்கி வைங்க.

ஆசிட் மட்டும் ஆகவே ஆகாது. பாத்ரூம் கழுவற ஆசிட் ஒரே நாள்ல கல்லோட முகத்தை அரிச்சிடும். எலுமிச்சை, புளித்தண்ணிகூட தடம் விடும். அதனால சமையல் மேடைக்கு இதைச் சொல்ல மாட்டேன். வெறும் தண்ணியில துடைச்சு, எப்பவாவது துணியில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்ச்சா போதும்.

[காட்சி: காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.]

வாடகை வீட்டுக்காரங்க என்ன பண்றது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடைகள் வரிசையா இருக்கு. தேக்குக் கதவு, எனாமல் தூக்குவாளி, ஜன்னல் சட்டம் எல்லாம் கிடைக்கும். இடிச்ச வீட்டுச் சாமான்தான் பெரும்பாலும், அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே வரும். அங்க சின்னதா ஒரு மரச்சட்டம் வாங்குங்க, நாலு கல்லை அதுல பதிச்சா டீப்பாய் ஆச்சு. வீடு மாறும்போது தூக்கிட்டுப் போயிடலாம், ஆனா ரெண்டு பேர் வேணும். டீ சிந்தினா உடனே துடைச்சிடுங்க.