சிப்ஸ் கடைக்கு எதுக்குங்க 12 பக்கம்?

வணக்கம் மக்களே. கட்டஞ்சாயா கையில் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, ரெண்டோடும் ஆரம்பிக்கிறேன். மைனியின் (அண்ணியை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) சிப்ஸ் கடை உங்களுக்குத் தெரியும், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ரோட்டோரம். அவர்களுடைய வெப்சைட்டைப் புதிதாகச் செய்து தர ஒருவர் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். 12 பக்கம், பக்கத்துக்கு 1,500 ரூபாய், ஆக 18,000. அந்த 12 என்னென்ன என்று கேளுங்கள். ‘எங்கள் நோக்கம்’ ஒரு பக்கம். ‘எங்கள் பார்வை’ ஒரு பக்கம். ‘எங்கள் விழுமியங்கள்’ இன்னொன்று. இதிலேயே 4,500 ரூபாய் போச்சு! சர்க்கரைவரட்டி, அதாவது வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய் வறுவல், கிலோ என்ன விலை என்று பார்க்க வருகிறவருக்கு இந்த மூன்றும் எதற்கு?

அவர் போட்ட திட்டத்தில் அந்த விலை எங்கே இருக்கிறது தெரியுமா? ‘சேவைகள்’, அதற்குள் ‘பாரம்பரியம்’, அதற்குள் ஒரு பிடிஎஃப். பிடிஎஃப்! பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் பார்ப்பவர் அதை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் படிக்க வேண்டுமாம். இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று கிளிக்கில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். 2003-லேயே ஜோஷுவா போர்ட்டர் என்பவர் ஆராய்ந்து எழுதினார், மூன்றைத் தாண்டியதும் ஆட்கள் கிளம்பிவிடுவதில்லை என்று. எண்ணிக்கை பெரிதில்லை. தொடுகிற பெயரைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ‘சேவைகள்’ என்று போட்டால் உள்ளே சிப்ஸ் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அதனால் மைனியின் வாட்ஸ்அப்பைத் திறந்து, ஆட்கள் கேட்டதை ஒவ்வொன்றாகத் துண்டுச் சீட்டில் எழுதினோம். தேங்காயெண்ணெயில் பொரித்ததா, கூரியருக்கு எவ்வளவு, முந்திரிக்கொத்து எத்தனை நாள் கெடாமல் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா. கடைக்கு வந்தவர்களிடம் சீட்டுகளைக் கொடுத்து, சேர்ந்ததைச் சேர்த்து வைக்கச் சொன்னோம். இதற்கு கார்ட் சார்ட்டிங் என்று பெயர், காசு செலவே கிடையாது. ‘தரம்’ என்று தனிப் பக்கம் யாருமே கேட்கவில்லை. எண்ணெய்ச் சீட்டை சிப்ஸோடும், கூரியர் சீட்டை விலையோடும் வைத்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அதன்படி முகப்பு, பண்டத்துக்கு ஒரு பக்கமாக நாலு, விலையும் கூரியரும் ஒன்று, கடைக்கு வழி ஒன்று. ஆக ஏழு பக்கம், அவ்வளவுதான்.

இருங்க, ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நீளப் பக்கத்தில் போடலாமே என்பீர்கள். தையல் கடைக்குப் போடுங்கள். போன் நம்பரும் மேப்பும் போதும். இங்கே தேன் தேடுகிறவர் வேறு, நேந்திரங்காய் சிப்ஸ் தேடுகிறவர் வேறு. தனிப் பக்கமும் தனித் தலைப்பும் இருந்தால்தான் கூகுளில் அவரவர் தேடியது நேராகத் திறக்கும்.

அடுத்தது க்யூஆர் கோடு. மைனி தேன் பாட்டில் லேபிளை ஏற்கெனவே அச்சடித்து அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறார். அதில் இருப்பது பழைய பக்கத்தின் முகவரி. புதுத் தளம் வந்ததும் அது செத்துப்போகும், லேபிளைத் திரும்ப அடியுங்கள் என்றார் அந்தக் கொட்டேஷன்காரர். எதற்கு அடிக்க வேண்டும்? பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் போட்டால் போதும். நிரந்தரமாக மாறிவிட்டது என்று பிரவுசருக்கும் கூகுளுக்கும் அதுவே சொல்லிவிடும். போட்டோம். பாட்டிலை எடுத்து ஸ்கேன் செய்தேன், புதுப் பக்கம் டக்கென்று வந்தது! மைனியின் போனில், பக்கத்து டயர் கடைக்காரர் போனில், சாயா குடிக்க வந்தவர் போனில், எல்லாவற்றிலும் பார்த்தோம். ஒரு லேபிள்கூட வீணாகவில்லை.

மொழிக்கு வருகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையிலிருந்து வருகிறவர்களுக்கு மலையாளம் வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே தளத்துக்குள் தமிழுக்கு ஒரு ஃபோல்டர், மலையாளத்துக்கு ஒரு ஃபோல்டர். தேன் பக்கத்தில் மொழியை மாற்றினால் மலையாளத் தேன் பக்கம்தான் வர வேண்டும், முகப்புக்குத் தூக்கி எறியக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று இணை என்று கூகுளுக்குச் சொல்ல ஹெச்ரெஃப்லாங் என்ற குறிச்சொல் இருக்கிறது. ஆள் நிற்கிற இடத்தைப் பார்த்து மொழியைத் தானாக மாற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், கூகுளும் அதைப் பரிந்துரைப்பதில்லை. எல்லையிலுள்ள களியக்காவிளையில் நின்றால் போன் கேரள டவரைப் பிடிக்கும். அதற்காக அங்கே நிற்கிற தமிழ்க்காரருக்கு மலையாளத்தைக் காட்டுவதா?

அப்புறம் ஓணம். வருஷா வருஷம் 2025, 2026 என்று ஓணத்துக்குப் புதுப் பக்கம் திறக்க வேண்டாம். வருஷம் சேர்க்காத ஒரே முகவரி, உள்ளே உள்ளதை மட்டும் மாற்றுங்கள். போன வருஷம் லிங்கைச் சேமித்து வைத்தவருக்கும் இந்த வருஷ விலை கிடைக்கும். கிஃப்ட் பெட்டிக்கு மைனி இன்னும் விலை போடவில்லை. போட்டதும் அந்தப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறேன், லிங்க் கீழே இருக்கிறது.