எம்எஸ்சி நர்சிங் போடப் போறீங்களா? புக் அப்புறம், ஃபைல் முதல்ல

எல்லாருக்கும் வணக்கம். கண்ணு செவப்பா இருக்கும், கண்டுக்காதீங்க. நைட் டியூட்டி முடிச்சு, ஹேண்டோவர் குடுத்துட்டு நேரா மொட்டை மாடிக்கு வந்துட்டேன். கீழ அம்மா மிக்ஸி போட்டிருக்காங்க, அதான் இங்க. காக்கா கத்தினா பொறுத்துக்கோங்க.

எங்க ஐசியுல ஒரு ஜூனியர் பொண்ணு இருக்கா. நேத்து ராத்திரி மூணு மணி இருக்கும், பேஷண்ட் எல்லாம் கொஞ்சம் செட்டில் ஆன நேரம். "அக்கா, எம்எஸ்சி போடலாம்னு இருக்கேன், எந்த புக் படிக்கட்டும்?"னு கேட்டா. "புக் கிடக்கட்டும், உன் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்ல என்ன எழுதியிருக்கு?"ன்னேன். அவ முழிச்சா பாருங்க, போன வருஷம் நானும் அப்படியேதான் முழிச்சேன்.

தகுதியைச் சட்டுனு சொல்லிடறேன். இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி பிஎஸ்சி நர்சிங்லயோ போஸ்ட் பேசிக் பிஎஸ்சிலயோ மொத்தமா 55 சதவீதம் வேணும். எய்ம்ஸுக்குப் போடறவங்க 60னு வெச்சுக்கோங்க. ஆர்என் (ரிஜிஸ்டர்ட் நர்ஸ்), ஆர்எம் (ரிஜிஸ்டர்ட் மிட்வைஃப்) ரெண்டு பதிவும் இருக்கணும். அப்புறம் ஒரு வருஷம் வேலை பார்த்த அனுபவம். நாலு வருஷ பிஎஸ்சிக்காரங்களுக்கு அது படிப்பு முடிச்சதுக்கு அப்புறம் பார்த்த வேலையா இருக்கணும். ஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமோ முடிச்சு போஸ்ட் பேசிக் போனவங்களுக்கு அதுக்கு முன்னாடி பார்த்ததும் சேரும். இன்டர்ன்ஷிப்ல நாக்கு தள்ள வேலை பார்த்தோமே, அது? சேராது.

இந்த ஒரு வருஷக் கணக்குலதான் எனக்கு அடி விழுந்துச்சு.

ரிசல்ட் வந்த அடுத்த வாரமே ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டேன். பேரு வேண்டாம். ஸ்டேட் நர்ஸ் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் அப்போ கைக்கு வரல, அதனால "ட்ரெய்னி"னு போட்டுக்கிட்டாங்க. வேலை முழு வேலை, சம்பளம் மட்டும் ட்ரெய்னி சம்பளம். விலகும்போது குடுத்த சர்டிஃபிகேட்ல மொத்தமே மூணு வரி. சேர்ந்த மாசம், போன மாசம் இருக்கு, தேதி இல்ல. ஸ்டாஃப் நர்ஸ்ங்கற வார்த்தை எங்கயும் இல்ல. கீழ ஒரு கோழிக் கிறுக்கல், யாரு போட்ட கையெழுத்துன்னு அந்தக் கோழிக்குத்தான் தெரியும். நானும் மார்க் நல்லா இருக்கேங்கற தெம்புல அதைப் படிச்சுக்கூடப் பார்க்காம ஃபைல்ல சொருகிட்டேன்.

அட்மிஷனுக்கான சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "இது எத்தனை மாசம்மா?"ன்னாங்க. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் மேடம்னேன். "எங்க போட்டிருக்கு?" அவ்வளவுதான், அந்த வருஷம் போச்சு. வெளிய வந்து அழுதேன், ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு. ஆனா அந்த அம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். பேப்பர்ல இல்லாததை அவங்க எப்படிப் படிப்பாங்க?

அதனால வேலையில இருக்கும்போதே கேட்டு வாங்குங்க. லெட்டர்ஹெட்ல இருக்கணும். சேர்ந்த தேதி, விலகின தேதி, ஸ்டாஃப் நர்ஸ்னு பதவி, எந்த வார்டு, உங்க பதிவு எண், கையெழுத்துப் போட்டவங்க பேரு, பதவி, சீல். விலகிட்டு அப்புறமா போய்க் கேட்டா வாட்ச்மேன்ல இருந்து ஆரம்பிச்சு எல்லாருக்கும் உங்க கதையைச் சொல்லணும். நான் மூணு தடவை போனேன். இன்னொண்ணு, பாண்டு, அதாவது இத்தனை நாள் விலக மாட்டேங்கற ஒப்பந்தம்னு சொல்லி ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வெச்சுக்கற இடத்துல இருந்தீங்கன்னா, அப்ளிகேஷன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அதை வெளிய எடுக்கற வழியைப் பாருங்க. கடைசி வாரத்துல போய் நின்னா, "என்எஸ் (நர்சிங் சூப்பரிண்டெண்டண்ட்) மேடம் லீவு"ங்கற ஒரே பதில்தான்.

அடுத்து இனிஷியல். சிரிக்காதீங்க. பேரை விரலால மறைச்சுக் காட்டறேன், இதோ. பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் பேருக்குப் பின்னாடி. கவுன்சில் சர்டிஃபிகேட்ல முன்னாடி. ஆதார்ல அப்பா பேரே முழுசா வந்து உட்கார்ந்திருக்கு. நமக்கு மூணும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு மூணு பொண்ணுங்க. கல்யாணம் ஆகி வீட்டுக்காரர் இனிஷியல் போட்டுக்கிட்டவங்களுக்கு நாலாவதா ஒருத்தி. பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ, அப்படியே அப்ளிகேஷன்ல அடிங்க. பேரே மாறியிருந்தா கெஜட்ல போடணும், அது ஒரு வாரத்துல முடியற காரியம் இல்ல.

கவுன்சில் பதிவையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. சாந்தோம் ரோட்டுல இருக்கே தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில், 1926ல வந்த சட்டத்துல உண்டானது, நம்ம பாட்டி காலத்து ஆபீஸ். ஆனா இப்போ எல்லாம் ஆன்லைன், 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், என்யுஐடினு நர்ஸுங்களுக்குக் குடுக்கற தனி அடையாள நம்பர் வேற. அது காலாவதியாகிக் கிடக்கறது பாதிப் பேருக்குத் தெரியறதே ஃபார்ம்ல நம்பர் கேக்கும்போதுதான்.

பெங்களூரு பக்கம் படிச்சுட்டு இங்க வந்து போடறவங்களுக்கு வேலை ஜாஸ்தி. இருப்பிடச் சான்று இ-சேவையில, எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டிக்கு எலிஜிபிலிட்டி சர்டிஃபிகேட், பழைய யுனிவர்சிட்டியில இருந்து மைக்ரேஷன் சர்டிஃபிகேட்னு வரிசையா இருக்கு. அரசு கோட்டாவுக்குக் கீழ்ப்பாக்கத்துல இருக்கற செலக்‌ஷன் கமிட்டி ப்ராஸ்பெக்டஸ் போடும். அதை முழுசா, சின்ன எழுத்தையும் விடாம, உட்கார்ந்து படிங்க. வாட்ஸ்ஆப்ல வர்ற போன வருஷத்து பிடிஎஃப்பைப் பார்த்துட்டுப் போடாதீங்க. 2021-22ல சேர்ந்த பேட்ச்ல இருந்து பிஎஸ்சி செமஸ்டர் ஆயிடுச்சு, எட்டு மார்க் ஷீட்டும் வரிசையா இருக்கான்னு எண்ணுங்க.

அப்புறம் ஸ்பெஷாலிட்டி. மெடிக்கல் சர்ஜிக்கல், ஓபிஜி (மகப்பேறு, மகளிர் நலம்), சைல்ட் ஹெல்த், கம்யூனிட்டி, சைக்கியாட்ரி, இந்த அஞ்சுதான். எங்க செட்ல யாரைக் கேட்டாலும் மெட் சர்ஜ்தான் சொல்லுவாங்க. ஏன்னு கேட்டா, எல்லாரும் அதைத்தான் எடுக்கறாங்கம்பாங்க. என்னைக் கேட்டா, ரெண்டாவது வருஷம் டெஸர்டேஷன், அதான் ஆய்வுக் கட்டுரை, எழுதறப்போ அந்த வார்டுல நிக்க உங்களுக்குப் பிடிக்குமான்னு இப்பவே யோசிங்க. சைக்கியாட்ரின்னா மூக்கைச் சுளிக்கறவங்க இருக்காங்க. காலேஜ் நடத்தணும்னா அஞ்சு டிபார்ட்மென்டுக்கும் டீச்சர் வேணும், அதை மறந்துடறாங்க. நான் ஐசியுல இருக்கேன், டெலிரியம்னு திடீர்னு புத்தி குழம்பிப் போற நிலை வந்து ட்யூபைப் பிடுங்கற தாத்தாகிட்ட உட்கார்ந்து பேசி அடக்கறது எனக்குப் பிடிச்ச வேலை. அதனால சைக்கியாட்ரிதான் முதல் சாய்ஸ். அப்பாகிட்ட இன்னும் சொல்லல, வீடியோ பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்.

டீச்சிங் பக்கம் வேண்டாம், பெட்சைடுதான் பிடிக்கும்னா, நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர்னு ரெண்டு வருஷ ரெசிடென்சி இருக்கு. அதுவும் பிஜிதான். அதைப் பத்தி இன்னொரு நாள்.

சரி, மணி ஒன்பது ஆச்சு. பழைய ஆஸ்பத்திரியில புது சர்டிஃபிகேட் ரெடியாம், பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை கவுன்ட்டர்லயே நின்னு, தேதி ரெண்டும் இருக்கான்னு விரல் வெச்சுப் படிச்சுட்டுத்தான் நகரப் போறேன். குளிச்சுட்டு பஸ்ஸைப் பிடிக்கணும், வரட்டா.