கிடாரம் இறக்க நாலு பேர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைப் பெருமக்களே, வணக்கம்.

"தேவாலயங்கள் நலிவது ஊருக்கே இழப்பு" என்ற அணியில் பேச வந்திருக்கிறேன். நான் வேதக்காரி இல்லை. கோணேசரைக் கும்பிடுகிற சைவக் குடும்பம். அதனால்தான் இந்த அணியைக் கேட்டு வாங்கினேன். பூசைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இழப்பு என்றால், எனக்கு இங்கே என்ன வேலை?

எதிரணித் தலைவர் சொன்னார்: "ஆள் வராவிட்டால் பூட்டட்டும். உதவிக்கு அரசு இருக்கிறது, கழகங்கள் இருக்கின்றன, வட்ஸ்அப் குழு இருக்கிறது." சரி, பூட்டுகிற ஊர்களைப் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011 குடிசன மதிப்பீட்டில் தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் நூற்றுக்கு 59 பேர். 2021இல் 46 பேர். ஆள் குறைய உண்டியல் குறைகிறது, கூரை ஒழுகுகிறது, திருத்தக் காசில்லை, விற்கிறார்கள்.

லண்டனில் என் அக்காவின் பிள்ளைகள் ஆனா, ஆவன்னா எழுதிப் பழகியது ஒரு தேவாலய மண்டபத்தில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, சொற்ப வாடகை. பின்பக்கக் குசினியில் ஒரு வெள்ளைக்கார அம்மம்மா நின்று எங்கள் தாய்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். பிள்ளைகளின் பெயரெல்லாம் பாடம். ஒரு பிள்ளை வராவிட்டால் "காய்ச்சலா?" என்று விசாரிப்பார். அந்தக் கோயிலை விற்று வீடுகளாக்கிவிட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கு வேறு இடம் கிடைத்தது, உண்மைதான். இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த அம்மம்மா இப்போது எங்கே போகிறார் என்று அக்காவுக்குத் தெரியாது. அவர் எந்த வட்ஸ்அப் குழுவிலும் இல்லை.

இரண்டாவதாகப் பேசிய தம்பி அயர்லாந்தைச் சொன்னார். பிள்ளைகளுக்குக் குருமார் இழைத்த கொடுமையும், அதை மூடி மறைத்ததும் நடந்தவை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கோபித்து விலகியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றவாளியைத் தண்டிக்க, ஊர் கூடுகிற மண்டபத்தையும் சேர்த்து இழக்கத்தான் வேண்டுமா?

1960களின் தொடக்கத்தில் மிஷன் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதைத் தலைவர் காட்டினார். அரசு நடத்தும், ஐயா. எடுத்து நடத்த ஒரு பாடசாலை முதலில் இருக்க வேண்டுமே! நம் சூசையப்பர் கல்லூரி தொடங்கியது 1867இல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. கடல் ஏறி வர, அம்மம்மாவின் கையைப் பிடித்து ஓடி நின்றது ஒரு வேதக் கோயில் வளவில். அவரின் நெற்றியில் திருநீறு, என் காலில் செருப்பில்லை. மத்தியானம் சோறு வந்தது. நிவாரண லொறி வருமுன்னே வந்த சோறு அது. எப்படி முடிந்தது என்று வளர்ந்த பிறகுதான் விளங்கியது: திருநாள் கிடாரம், திருநாள் அடுப்பு, வருடாவருடம் சேர்ந்து சமைத்துப் பழகிய அதே கைகள். யாருக்கு உப்பு அளவு தெரியும், யாரிடம் விறகு கிடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். முன்பின் பழகாத ஆட்களைக் கூட்டி வைத்து அந்தச் சோற்றைச் சமைக்க முடியாது.

போன திருநாளுக்கு அங்கே போனேன். அதே கிடாரம். அடுப்பிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டும். பெடியள் கனடாவில், அவுஸ்திரேலியாவில். நரைத்த தலைகள் மூன்றுதான் நின்றன. நான்காவது பக்கத்தை நான் பிடித்தேன்.

நன்றி, வணக்கம்.