அப்பா விசிறியாகும் இடம்

நடுவர் அவர்களே! ‘ஆப்பிரிக்க ஹிப்ஹாப்: சொந்தக் குரலா, இரவல் குரலா?’ சொந்தக் குரலே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஹிப்ஹாப் அமெரிக்கச் சரக்கு என்று காட்ட, எதிரணியார் 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க், பிராங்க்ஸ் என்று அதன் பிறப்புச் சான்றிதழையே நீட்டிவிட்டார். மறுக்கவில்லை. ஆனால் அன்று இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க் எந்த ஊர்? ஜமைக்காவின் கிங்ஸ்டன்! அங்கே தெருவில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடும் பழக்கம் அவரோடு கப்பலேறி வந்தது. இரவல் என்றால் பிராங்க்ஸும் இரவல்தான்.

என் அணியில் முன்னால் பேசியவர், செனகலில் தாளத்துக்குச் சொல்லடுக்கிப் பாடும் தாஸு பாட்டுதான் அமெரிக்கா போய் ராப், அதாவது ஹிப்ஹாப்பின் பேச்சுப் பாட்டு, ஆனது என்றார். கேட்க இனிக்கிறது, நிரூபிக்க முடியாது. எனக்கு அது வேண்டாம். பாடுகிறவன் வாயைப் பாருங்கள், போதும்.

கானாவின் ட்வி மொழியில் ‘பாபா’ என்று ஒரு சொல். இரண்டு அசையையும் உயர்த்திச் சொன்னால் ‘நல்லது’. தாழ்த்தி உயர்த்தினால் ‘அப்பா’. இரண்டையும் தாழ்த்தினால் ‘விசிறி’. அமெரிக்க ராப்பின் ஏற்ற இறக்கத்தை அப்படியே போட்டுப் பாடினால் அப்பா விசிறியாகிவிடுவார்! அதனால் ட்வியில் எழுதுகிறவர் சொல்லின் சுருதி எங்கே ஏறுகிறது, தாளத்தின் அடி எங்கே விழுகிறது என்று இரண்டையும் பார்த்துத்தான் வரி கட்ட வேண்டும். லண்டனில் ஆங்கிலத்தில் ராப் பாடிய ரெஜி ராக்ஸ்டோன், 1990களின் நடுவில் கானாவின் தலைநகர் அக்ரா திரும்பி ட்விக்கு மாறினார். ஒரு பாட்டின் பின்னணிக்கு எடுத்தது அல்ஹாஜி கே. ஃப்ரிம்பாங்கின் 1976 பாட்டு; அது ஹைலைஃப் என்ற கானா நாட்டு இசை. ஹைலைஃபும் ஹிப்ஹாப்பும் சேர்ந்து ‘ஹிப்லைஃப்’ ஆயிற்று. புலம்பெயர்ந்த பிள்ளைக்கு ஊரோடு ஒட்டில்லை என்றாரே எதிரணியார், இது என்னவாம்?

தான்சானியாவில் சிக்கல் வேறு. சுவாஹிலிச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். இயைபு மலிவாகக் கிடைக்கும். ‘நியும்பானி’ (வீட்டில்), ‘ஷுலேனி’ (பள்ளியில்): ‘னி’ மட்டும் ஒத்தால் சப்பென்று இருக்கும். அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழுவதால் அங்கிருந்தே ஒக்க வேண்டும். ‘நியும்பானி – ஜிரானி’ (பக்கத்து வீட்டுக்காரர்) என்றால்தான் காதில் நிற்கும். இதை நியூயார்க் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சோமாலியாவின் மொகதிஷுவில் பிறந்து கனடாவின் டொரொன்டோ போய்ச் சேர்ந்த ராப்பர் கெய்னான் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடுகிறார். அங்கே என் மொழி வாதம் நொண்டும். ஆனால் சோமாலியப் பாடகி மாகூல் அவர் குடும்பத்தவர், தாத்தா கவிஞர். அமெரிக்காவிடம் இரவல் வாங்கித்தான் அவர் பாட வேண்டுமா?

தொப்பியும் தொளதொளப் பேண்ட்டும் இரவல்தான், எதிரணியாரே வைத்துக்கொள்ளட்டும். 2011இல் செனகலின் தலைநகர் டாக்கரில் ஓர் இயக்கம் தொடங்கி, அதிபர் வாத் மூன்றாம் முறை நிற்கக் கூடாது என்று போராடியவர்களில் ‘கேர் குயி’ குழுவின் ராப்பர்கள் உண்டு. இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வைத்தார்கள். ஆட்சிமொழி பிரெஞ்சு, இவர்கள் பாடியது சந்தையில் பேசும் வோலோஃபில். 2012 தேர்தலில் வாத் தோற்றார்.