நன்றி சொன்னார்கள். ஆனால் உதவினோமா?

[திரை கறுப்பு. ஒரு நாணயம் சுழன்று விழும் சத்தம்.]

1939. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவரின் முயற்சியில் அங்கே ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. சிறுவர்கள் வழிதவறிப் போவதற்கு முன்பே, ஒரு நல்ல மனிதரின் துணை கிடைத்தால் அவர்கள் வாழ்க்கை மாறுமா? அதைத்தான் பார்க்க நினைத்தார்கள்.

வயது, குடும்பச் சூழல், குணம் எல்லாம் முடிந்தவரை ஒத்துப்போகும் சிறுவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். நாணயத்தைச் சுண்டினார்கள். ஒருவனுக்கு உதவி. இன்னொருவனுக்கு ஒன்றும் இல்லை.

உதவி என்றால் பெயருக்கு அல்ல. சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஒரு சமூகப் பணியாளர் மாதம் இரண்டு முறை வந்து பார்த்தார். படிப்பில் பின்தங்கியவனுக்கு டியூஷன் வைத்தார்கள், உடம்பு சரியில்லாதவனுக்கு வைத்தியம் பார்த்தார்கள், பலரைக் கோடை முகாமுக்கும் அனுப்பினார்கள். இன்று சமூகப் பணி படிக்கும் ஒருவரிடம் இதைக் காட்டினால், இப்படி ஒரு திட்டத்தில் வேலை கிடைக்காதா என்றுதான் ஏங்குவார்.

[காட்சி: பழைய கோப்புகள் அடுக்கிய அலமாரி.]

1945-இல் திட்டம் முடிந்தது. சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து, ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் போனார். இரண்டு குழுக்களிலும் சேர்த்து 506 பேர். எல்லோரும் நடுவயதுக்காரர்கள் ஆகியிருந்தார்கள். நீதிமன்றப் பதிவுகளைப் பார்த்தார், மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தார், அவர்களிடமே கேள்வித்தாள் அனுப்பியும் கேட்டார். உதவி பெற்று, பதிலும் அனுப்பியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள்.

1978-இல் மெக்கார்ட் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. ஒரு குற்றத்தோடு நிற்காமல் மறுபடியும் குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானதன் அடையாளம் தெரிந்தவர்கள், தீவிர மனநோய்க்கு ஆளானவர்கள், இளவயதில் இறந்தவர்கள் — இப்படிப் பல கணக்குகளில் உதவி பெற்ற குழு, உதவியே பெறாத குழுவைவிட மோசமாக இருந்தது.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். நாணயம் சுண்டிப் பிரிக்காமல் இருந்திருந்தால், இது யாருக்குமே தெரிந்திருக்காது. நன்றிக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, திட்டம் பெரிய வெற்றி என்று விழா எடுத்திருப்பார்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு விளக்கங்கள் உண்டு, முடிவான பதில் இல்லை. ஒரு தடயம் மட்டும் கிடைத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போனவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் தெரிந்தது. சிக்கலில் இருக்கும் பையன்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், ஒருவன் செய்யும் சேட்டைக்கு மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசு. பிற்காலத்தில் வந்த வேறு ஆய்வுகளும் இந்தப் பக்கமே கை காட்டின.

சரி, அப்படியானால் கவுன்சலிங், சமூகப் பணி எல்லாம் வீணா? இல்லை. 1952-இல் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர், மனச் சிக்கலுக்குச் சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தாமாகவே தேறிவிடுகிறார்கள் என்று எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பினார். அதற்குச் சரியான பதில் 1977-இல் வந்தது. மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் ஏறக்குறைய நானூறு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். பேச்சு வழிச் சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் நூற்றுக்கு 75 பேரைவிட நல்ல நிலையில் இருந்தார்.

ஆக, சராசரியாகப் பார்த்தால் பலன் உண்டு. ஆனால் உங்கள் எதிரே நாற்காலியில் வந்து உட்காருபவர் சராசரி அல்ல. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

[காட்சி: 550 சிறு புள்ளிகள். அவற்றில் 40 புள்ளிகள் மெல்லச் சிவப்பாகின்றன.]

2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஒரு கவுன்சலிங் மையத்துக்கு வந்த 550 பேரைப் பற்றி, 'இவர்களில் யார் யார் இன்னும் மோசமாகப் போவார்கள்?' என்று அவர்களுடைய கவுன்சலர்களிடமே கேட்டார்கள். பொதுவாக நூற்றுக்கு எட்டுப் பேர் மோசமடைவதுண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கவுன்சலர்கள் கைகாட்டியது மூன்றே பேரை. கடைசியில் மோசமடைந்தவர்கள் 40 பேர். அந்த மூன்றில் சரியாக இருந்தது ஒன்றே ஒன்று.

இவர்கள் மோசமான கவுன்சலர்கள் இல்லை. நம்பிக்கையோடு இருப்பது இந்த வேலையின் ஒரு பகுதி. அந்த நம்பிக்கைதான் கண்ணையும் மறைக்கிறது. 2012-இல் இந்தத் துறையில் வேலை செய்யும் 129 பேரிடம், சக பணியாளர்களோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எந்த இடத்தில் இருக்கும் என்று கேட்டார்கள். கால்வாசிப் பேர் தங்களை முதல் பத்து சதவீதத்தில் வைத்தார்கள். சராசரிக்குக் கீழே என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை!

வருபவர்களும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை" என்று சொல்வதுதான் மரியாதை. ஏமாற்றம் அடைந்தவர் சண்டை போடுவதில்லை, அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். சுமார் ஐந்தில் ஒருவர் இப்படிப் பாதியிலேயே நின்றுவிடுகிறார். கவுன்சலர் கண்ணில் தொடர்ந்து படுவது தங்கியவர்கள் மட்டுமே.

[காட்சி: ஒரு தாளில் நான்கு கோடுகள். ஒரு கை பேனாவால் அவற்றில் குறியிடுகிறது.]

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் வருபவர் கையில் ஒரு தாள். பத்து சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள். என் மனம் எப்படி, நெருங்கிய உறவுகள் எப்படி, வேலையும் வெளி வட்டமும் எப்படி, மொத்தத்தில் எப்படி. இடது ஓரம் மோசம், வலது ஓரம் நலம். கோட்டில் குறியிட ஒரு நிமிடம் போதும். சந்திப்பு முடியும்போது அவரிடமே இன்னொரு தாள், அதிலும் கோடுகள். இன்று நான் சொன்னது கவுன்சலர் காதில் விழுந்ததா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, இந்த முறை எனக்கு ஒத்துவருகிறதா?

இந்த இரண்டாவது தாளுக்குப் பின்னால் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் சொன்ன கருத்து இருக்கிறது. கவுன்சலரும் வருபவரும் எங்கே போகிறோம் என்பதில் ஒத்துப்போக வேண்டும், எப்படிப் போகிறோம் என்பதிலும் ஒத்துப்போக வேண்டும், இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பும் வேண்டும். பிணைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறப்பவர்கள் அதிகம். கேம்பிரிட்ஜ் சிறுவர்களில் பலருக்குத் தங்கள் பணியாளரை மிகவும் பிடித்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

தாள் மந்திரம் செய்யாது. ஆய்வுகளிலும் இதன் பலன் மிதமானதுதான், பின்தங்கிக்கொண்டிருப்பவர்களிடம்தான் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. கோப்பில் செருகிவிட்டு மறந்துபோனால் அதுவும் இல்லை. அதைவிட மோசமானது, மேலதிகாரி அந்த எண்களை வைத்து ஊழியருக்கு மதிப்பெண் போடுவது. அன்றோடு தாள் செத்தது. "கொஞ்சம் வலது பக்கமாகப் போடுங்களேன்" என்ற பேச்சு தொடங்கிவிடும்.

இன்னொன்று. குறி திடீரென்று இடப்பக்கம் சரிந்தால், காரணம் மனதுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வாரம் அவர் வீட்டை இழந்திருக்கலாம், வேலை போயிருக்கலாம். வீடில்லாதவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதில் என்ன இருக்கிறது? அந்த நாள் கவுன்சலர் நாற்காலியை விட்டு எழுந்து சமூகப் பணியாளரை அழைக்க வேண்டிய நாள். இரண்டு துறைகளையும் தனித்தனிக் கட்டிடங்களில் வைத்ததே தவறு என்பது என் கருத்து.

அப்புறம், அந்த இரண்டாவது தாளை நீட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும்? இதைத்தான் பலர் சொதப்புகிறார்கள். வருபவர் எல்லாக் கோட்டிலும் வலது ஓரத்தில் குறியிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுப்பார். உடனே மகிழ்ந்து நன்றி சொல்லிவிடாதீர்கள். "சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை. இன்று நான் செய்ததில் எது உங்களுக்கு ஒட்டவில்லை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை பேசாமல் இருங்கள். முதல் பதில் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றுதான் வரும். அதற்குப் பிறகும் கொஞ்சம் காத்திருங்கள்.

[காட்சி: இரண்டு நாற்காலிகள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும்.]