டீ விற்ற கம்பெனி பெயரை மாற்றியது, பங்கு ஒரே நாளில் 183% ஏறியது!

வணக்கம். 2017 டிசம்பர் 20. லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஒரு பங்கு 2.44 டாலர். மறுநாள் சந்தை முடியும்போது அதே பங்கு 6.91 டாலர். நடுவில் பெரிய ஆர்டர் எதுவும் வரவில்லை, யாரும் கம்பெனியை வாங்கவும் இல்லை. பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றுகிறோம் என்றார்கள். அவ்வளவுதான்!

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பக்கத்துச் சின்னக் கம்பெனி, பாட்டில் டீயும் லெமனேடும் விற்றது. விற்பனையைவிட நஷ்டம் பெரிது. மொத்தப் பங்கு மதிப்பு குறைந்துபோனதால், அதன் பங்கு வர்த்தகமான அமெரிக்கப் பங்குச் சந்தை நாஸ்டாக் எச்சரித்திருந்தது. பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயம் அந்த மாதம்தான் 20,000 டாலரை நெருங்கியது. அது இயங்கும் தொழில்நுட்பத்தின் பெயர்தான் பிளாக்செயின்.

[திரையில்: அறிவிப்பின் பக்கம்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். அந்த அறிவிப்பைத் தலைப்போடு நிறுத்தாமல் கீழே வரை படியுங்கள். பிளாக்செயின் வாய்ப்புகளை ஆரம்ப நிலையில்தான் பரிசீலிக்கிறோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லை, இனிமேல் வரும் என்பதற்கும் உறுதி இல்லை. டீ வியாபாரம் தொடரும். எதையுமே மறைக்கவில்லை, பாருங்கள்! எல்லாம் அச்சில் இருக்கிறது. அன்று பங்கை வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பத்தி வரை வந்திருப்பார்கள்?

அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தொழில் மாறுகிறது என்று ஒரு கம்பெனி சொன்னால் முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். 'வாங்கினோம்', 'கையெழுத்திட்டோம்' என்பது வேறு. 'பரிசீலிக்கிறோம்', 'திட்டமிடுகிறோம்' என்பது வேறு.

அடுத்து, காசு எங்கிருந்து வரும்? 2018 ஜனவரியில் 1,000 பிட்காயின் மைனிங் இயந்திரங்கள், அதாவது மின்சாரத்தில் ஓடிக் கணக்குப் போட்டுப் புதுப் பிட்காயின் ஈட்டும் கணினிகள், வாங்கப் போவதாகச் சொன்னார்கள். கையில் பணம் இல்லை, புதுப் பங்குகள் விற்றுத் திரட்டுவதுதான் திட்டம். சில நாளிலேயே அந்த வெளியீட்டைக் கைவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனி புதுத் தொழிலுக்குப் பணம் தேடினால், பெரும்பாலும் புதுப் பங்குகளை விற்று, கம்பெனியில் உங்களுக்கு உள்ள விகிதத்தைத்தான் குறைக்கும். பணம் வந்ததையும் போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கையைத் திறந்து, கையிருப்பை மாதம் கரையும் பணத்தால் வகுத்து, இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். லாப நஷ்டக் கணக்கைவிட அது அதிகம் பேசும்.

முடிவு? 2018 ஏப்ரலில் நாஸ்டாக்கிலிருந்து வெளியே. 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.ஈ.சி. பதிவையே ரத்து செய்தது. அறிவிப்புக்கு முன்பே விஷயம் தெரிந்து ஒருவர் 35,000 பங்குகள் வாங்கினார், அறிவிப்பு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் விற்று 1,60,000 டாலருக்கு மேல் சம்பாதித்தார் என்று வழக்கும் போட்டது. நீங்கள் ஓடிப்போய் வாங்கும்போது விற்பவர் யார் என்று யோசித்திருக்கிறீர்களா?

சரி, தொழில் மாற்றினாலே ஏமாற்று என்று சொல்லவில்லை. அதே 2017-இல் பயாப்டிக்ஸ் என்ற கம்பெனி ரயட் பிளாக்செயின் ஆனது. அதையும் எல்லோரும் திட்டினார்கள், பங்கு ஒரு வருடத்தில் 2 டாலருக்குக் கீழே விழுந்தது. ஆனால் அது உண்மையிலேயே இயந்திரங்களை வாங்கி ஓட்டியது. 2021-இல் டெக்சஸின் ராக்டேலில் ஒரு பெரிய மைனிங் வளாகத்தையே வாங்கியது. இயந்திரம் இருந்தது, மின்சாரம் இருந்தது, வருமானம் அந்தத் தொழிலிலிருந்தே வந்தது.

1990-களின் கடைசியில், இணையக் கம்பெனிப் பங்குகள் தாறுமாறாக ஏறிய டாட்காம் காலத்திலும் இதே கதை. பெயரில் டாட்காம் சேர்த்த 95 கம்பெனிகளை ஆராய்ந்தார்கள். அறிவிப்பை ஒட்டிய 10 நாளில், சந்தையின் போக்கைக் கழித்த பிறகும் சராசரி 74% ஏற்றம். இணையத்தோடு தொழில் எவ்வளவு சம்பந்தப்பட்டது என்பது பொருட்டாகவே இல்லை.

இங்கே இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. புதுப் பெயர் ஒரு தொழிலைக் காட்டினால், முந்தைய ஒரு வருட வருமானத்தில் குறைந்தது பாதி அதிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது சொத்தில் பாதியாவது அதில் போட்டிருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அது பெயருக்குத்தான். பெயரை மாற்றாமலே 'ஏஐ-யில் இறங்குகிறோம்', 'ட்ரோன் தயாரிக்கப் போகிறோம்' என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கடிதம் போட்டால் அந்த விதி குறுக்கே வராது.

அப்படி ஒரு கடிதம் வந்த பங்கு உங்கள் கையில் இருந்தால், கடைசி இரண்டு காலாண்டு முடிவுகளில் தொழில்வாரி வருமானம் என்ற பகுதியைத் தேடுங்கள். புதுத் தொழிலுக்கு அங்கே ஒரு வரியாவது இருக்கிறதா? கமெண்ட்டில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.